நூற்றறுபது சுற்று

தண்டல் தெரு ஊரைவிட மெதுவாக ஓடுகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் பால்காரர் சுடலைமுத்துதான். முப்பத்தோரு வீட்டுக்கும் பால் ஊற்றிவிட்டுத் தெருமுனைக் குழாயைத் தாண்டி வெளியே வந்தால் அவருடைய கைக்கடிகாரம் கோயில் கடிகாரத்துக்குப் பத்து நிமிடம் பின்னால் கிடந்தது, மறுநாளும் கிடந்தது, புது பாட்டரி போட்ட மூன்றாம் நாளும் கிடந்தது. நான்காம் நாள் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "பாட்டரிய இந்தத் தெருவுக்குல்லா போடணும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்துப் போனார்.

அக்டோபர் மாதம் அது. அதன் பிறகு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வழியாகத் தெரியவந்தது. ஒரு வீட்டுக்குத் துபாயில் இருக்கும் மகள் போன் செய்து, "யம்மா, ஏன் இப்படி இழுத்து இழுத்துப் பேசுத, அப்பா கிளாசுல நீ குடிச்சிட்டியா?" என்று கேட்க, அவள் குரலோ இந்தப் பக்கம் எலிக்குஞ்சு மாதிரிக் கீச்சிட்டது. குழாய்க்கு அந்தப் பக்கம் நின்று கூவும் காய்காரியின் குரல் கீச்சுக் கீச்சென்று வந்து, குழாயைத் தாண்டிக் கால் வைத்ததும் அவளுடைய சொந்தக் குரலாகத் தடித்து இறங்கியது. நண்பகலில் அடிக்கும் கோயில் மணி பூனைக்குட்டியின் கழுத்துமணி போலக் கிணுகிணுத்தது. காலையில் வாங்கிய சாளை மீன் மறுநாள் மதியம்வரை கண் பளபளக்கக் கிடந்ததால் மீன்காரிகளுக்குச் சந்தோஷம். துறைமுகத்துக்கும் உப்பளத்துக்கும் போய்வரும் புருஷன்மார் வெளியில் முழுநாளாக மூப்படைந்து, வீட்டிலிருக்கும் பெண்டாட்டிகள் முக்கால்நாளாக மூப்படைய, "இப்படியே போனா வர்ற வருசம் நீரு எனக்கு மாமனாருவே" என்று பெண்கள் சிரித்தார்கள். பள்ளிப்பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையை நீட்டிக்கொள்ளக் குழாயைத் தாண்டிப் போய் விளையாடினார்கள். நிறைமாதமாக இருந்த ஒருத்திக்கு ஊர்க் கணக்கில் பதினோராம் மாதம் தொடங்கியது. அவள் பாட்டுக்கு மாங்காய் தின்றுகொண்டிருந்தாள். ஒரு மாதத்துக்குள் 'தெரு மணி', 'ஊர் மணி' என்று இரண்டு வார்த்தைகள் பழகிப்போய்விட்டன, மழைக்குக் குடை பழகுவது மாதிரி.

எதனால் என்பதிலும் யாருக்கும் சந்தேகம் இல்லை. தெருமுனையில் குழாயை ஒட்டிய முதல் வீடு எமிலியானா மைனியின் வீடு. அந்த வீட்டு ஜன்னலில் ஒரு ஃபோனோகிராஃப் இருக்கிறது. தட்டு வைக்கும் ஜாதி இல்லை, மெழுகுக் குழலை உருளையில் மாட்டிச் சாவி கொடுத்து ஓட்டும் அதற்கும் முந்திய ஜாதி. மைனியின் புருஷன் தஸ்நேவிஸின் பாட்டனார், கொழும்புக்குத் தோணி ஓட்டிய தண்டல், அங்கே வாங்கி வந்தது. வாங்கிய அன்றே அதன் புனலுக்குள் தலையை விட்டு ஒரு அம்பாப் பாட்டைப் பாடிப் பதிந்துவைத்தார். ஆட்கள் சேர்ந்து கயிறு இழுக்கவும் துடுப்பு வலிக்கவும் பாடுவது அம்பா. பாடுகிறவன் எந்த வேகத்தில் பாடுகிறானோ அந்த வேகத்தில்தான் அத்தனை கைகளும் போகும். தினமும் காலை ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்து அதை ஒரு தரம் ஓட்டுவது அந்த வீட்டின் நேர்ச்சை. இத்தனை வருடம் ஓடியும் மெழுகு தேயவில்லை, அதைப் பற்றி யாரும் பேசுவதுமில்லை. பாட்டு எந்த வேகத்தில் ஓடி முடிகிறதோ அந்த வேகத்தில் மறுநாள் ஆறு மணிவரை தெரு ஓடும். இதற்கு முன்னும் அப்படித்தான் ஓடியிருக்க வேண்டும். ஒழுங்காக ஓடும்வரை எதனால் ஓடுகிறோம் என்று எவன் பார்க்கிறான்?

எனக்கு மட்டும் இதில் சிரிப்பு வரவில்லை. நான் ஐஸ் பாக்டரியில் கம்ப்ரெசர் ஓட்டுகிறவன், இருபத்திரண்டு வருடமாக ராத்திரி ஷிப்ட். வேலை வெளியில், தூக்கம் தெருவுக்குள். எட்டு மணிநேரம் தூங்கப் படுத்தால் ஆறரை மணிநேரத்தில் சூரியன் மேற்கே போய், பாக்டரிச் சங்கு கீச்சென்று ஊதிவிடும். ஏற்கெனவே தூக்கம் என்னிடம் கடன்காரனைப் போல ஒளிந்து நடக்கிற ஒன்று. கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டதுபோல எரிய, எரிய, பெல்ட் சத்தத்தை உடம்பில் சுமந்துகொண்டு அலைந்தேன்.

அதனால் தெருக் கமிட்டித் தலைவர் ரொட்ரிகோ அண்ணன் மாடியேறி வந்து, "வே பெர்க்மான்ஸ், நீரு மிஷின் படிக்காமலே மிஷின் படிச்ச ஆளு. அந்தப் பெட்டிய என்னன்னு பாரும்" என்றபோது, அவர் சொல்லி முடிக்குமுன் நான் ஸ்குரூ டிரைவரை எடுத்திருந்தேன்.

"பிப்ரவரியில எம்மவ ஜெசிந்தாவுக்குக் கல்யாணம்வே. சாம்பல் புதனுக்குள்ள முடிச்சாவணும். மாப்பிள்ள வீட்டுக்காரன் பொண்ணு பாக்க வந்தப்பவே நம்ம பேச்சக் கேட்டுட்டு, தெருவுல எல்லாரும் தூக்க மாத்திரை போடுதீங்களான்னு கேட்டான். மானம் போவுது."

எமிலியானா மைனி கதவைத் திறந்தாள். உள்ளே ஜன்னலோர நாற்காலியில் தஸ்நேவிஸ் அண்ணன் உட்கார்ந்திருந்தார். தோணியில் முப்பது வருடம் சுக்கான் பிடித்தவர். இப்போது ஈரல் கெட்டு, வயிறு மட்டும் காற்று வாங்கிய பாய் மாதிரிப் புடைத்து, மற்ற உடம்பு கொடிக்கம்பாகிவிட்டது. செப்டம்பர் கடைசியில் டாக்டர், "மூணு மாசம், அதுக்கு மேல கேக்காதீங்க" என்று சொல்லியனுப்பியது தெருவுக்கே தெரியும்.

"என்னல பெர்க்மான்சு, எனக்கு முந்தி பெட்டிக்கு வைத்தியமா?"

"உம்மள ரிப்பேர் பண்ண சாமான் கிடைக்கல அண்ணே."

அவர் சிரித்தார். மைனி சிரிக்கவில்லை.

வேகம் தப்புகிற மிஷினுக்கு நான்கு இடத்தில் நோய் வரும் என்பது கம்ப்ரெசர் சொல்லிக்கொடுத்த பாடம்: இழுக்கிற இடம், கடத்துகிற இடம், சுற்றுகிற இடம், அடக்குகிற இடம். முதல் நாள் இழுக்கிற இடத்தைப் பார்த்தேன். ஸ்பிரிங் டப்பாவைத் திறந்தால் பழைய கிரீஸ் அல்வாவாக உறைந்து கிடந்தது. மண்ணெண்ணெயில் கழுவிப் புது கிரீஸ் வைத்தேன். பிறகு உருளையின் சட்டத்தில் ஓரிடத்தில் காகிதத் துண்டு ஒட்டிக்கொண்டேன். உருளை ஒரு சுற்று சுற்றினால் காகிதம் ஒருதரம் விரலில் தட்டும். மறுநாள் காலை பாட்டு ஓடும்போது கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு நூற்றறுபது. அந்தக் குழலுக்குரிய சரியான வேகம் அதுதான். பெட்டியின் அடியில் பாட்டனார் ஆணியால் கீறியே வைத்திருந்தார்.

சரியாக இருக்கிறது, ஆனால் தெரு மெதுவாக இருக்கிறது. இரண்டாம் நாள் தோல் பெல்ட்டை மாற்றினேன். நூற்றறுபது. மூன்றாம் நாள் உருளையின் இரு முனைக்கும் எண்ணெய் விட்டேன். நூற்றறுபது. நான்காம் நாள் அடக்குகிற இடமான கவர்னரைத் திறந்தேன். மூன்று பித்தளைக் குண்டுகள் வேகம் ஏற ஏற விரிந்து ஒரு பித்தளைத் தட்டை இழுக்கும், அந்தத் தட்டின் மேல் ஒரு சின்னத் துணிப்பட்டை உரசி வேகத்தைப் பிடித்துவைக்கும். குண்டுகள் நேராக இருந்தன. பழுப்புத் துணிப்பட்டை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அதற்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். எண்ணினேன், நூற்றறுபது, நூற்றறுபது, கனவிலும் அந்தக் காகிதம் விரலில் தட்டித் தட்டி நூற்றறுபது.

"மிஷின் கிளீன். தெருவுலதான் கோளாறு" என்று ரொட்ரிகோவிடம் சொன்னேன்.

"அப்ப தெருவக் கழத்தி மண்ணெண்ணெயில கழுவும்" என்றார் அவர்.

ஐந்தாம் நாள் நண்பகல், தூங்க முடியாமல் மாடியில் உட்கார்ந்து கோயில் மணி கிணுகிணுப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் என் முட்டாள்தனம் எனக்கு உறைத்தது. நான் எண்ணிய கடிகாரமும் இதே தெருவில்தானே இருக்கிறது? பாட்டு எவ்வளவு தளர்ந்தாலும் கடிகாரமும் அதே அளவு தளரும். என் நாடியும் தளரும், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணும் என் நாக்கும் தளரும். உள்ளே நின்று எண்ணுகிறவனுக்கு உலகம் முடியும்வரை நூற்றறுபதுதான்.

மறுநாள் காலை ஷிப்ட் முடிந்து வந்து, குழாய்க்கு வெளியே ரோட்டில் நின்றேன். ஜன்னல் திறந்தது. பாட்டனாரின் குரல் சாக்கு மூட்டையை இழுத்துப்போவதுபோல் வந்தது. கோயில் கடிகாரத்தை ஒரு கண்ணாலும் காகிதத்தை ஒரு கண்ணாலும் பார்த்து எண்ணினேன். நூற்றிருபத்தெட்டு.

நேராக உள்ளே போய்க் கவர்னரைத் திறந்தேன். பட்டையை இந்தமுறை விரலால் தொட்டுப் பார்த்தேன். பட்டைக்கு மேல் பட்டை. அடியில் பழைய தோல், மேலே இரண்டாக மடித்த பழுப்புக் கம்பளித் துணி. ஓரத்தில் நூல் தையல், தையலுக்குள் மாதா படத்தின் ஒரு மூலை. உத்தரியம். கழுத்தில் போட்டவன் நல்ல மரணம் இல்லாமல் சாகமாட்டான் என்று எங்கள் ஜனங்கள் குளிக்கும்போதும் கழற்றாமல் போட்டிருக்கும் உத்தரியத்தின் வெட்டிய துண்டு. நான்காம் நாள் அதைப் பார்த்தேன், துணி இருக்க வேண்டிய இடத்தில் துணி இருந்ததால் எண்ணெய் விட்டு மூடிவிட்டேன்.

நாற்காலியில் தஸ்நேவிஸ் அண்ணன் கண்ணயர்ந்திருந்தார். அவர் கழுத்துக் கயிற்றின் நுனியில் தொங்கிய துணி ஒரு பக்கம் குறைந்திருந்தது.

மைனி அடுப்பங்கரை வாசலில் நின்றாள். "எடுத்திருவியா தம்பி?"

"இது தெரிஞ்சா செஞ்சீய?"

"முதல்ல தெரியாது. அவரு உடம்புல கிடந்த துணி, பாட்டோட பாட்டா ஜெபமா இருக்கட்டும்னுதான் வச்சேன். அன்னைக்குச் சாயங்காலம் சூரியன் ஓடுன ஓட்டத்தப் பாத்துத்தான் விளங்குச்சு. அப்புறம் எடுக்க மனசு வரல." அவள் முந்தானையால் ஈரமில்லாத கையைத் துடைத்தாள். "எங்க மவன் ஜோவாக்கிமு கப்பல்ல இருக்கான். ஒப்பந்தம் பிப்ரவரி பதினேழுல முடியுது. அதுவரைக்கும் தண்ணிக்கு நடுவுல எங்க எறங்குவான்? இவருக்கு மூணு மாசம். அவனுக்கு அஞ்சு மாசம். ரெண்டும் ஒரு கரையில முட்டணும்ல."

எனக்கு விளங்கியது. தஸ்நேவிஸுக்கு ஒரு நாள் கூடவும் கிடைக்கவில்லை, அவருடைய மூன்று மாதம் அவருக்கு மூன்று மாதம்தான். ஆனால் அவர் தெருவுக்குள் ஒரு நாள் கழிக்கும்போது வெளியே கடல் ஒன்றேகால் நாள் நகர்ந்துவிடும். மைனி வெளியுலகத்தைத் துரத்திக்கொண்டிருக்கிறாள்.

துணியை விரலிடையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எடுத்தால் மறுநாளிலிருந்து பகல் எட்டு மணிநேரம் எனக்கு. கண் எரிந்தது. நவம்பர் நடுப்பகுதி, கணக்கு தானாக ஓடியது. நூற்றிருபத்தெட்டில் போனால் ஜனவரி இருபதோடு அவருடைய நாட்கள் தீரும். நூறுக்குக் கீழே இறக்கினால்தான் பிப்ரவரியைத் தொடலாம்.

"இந்த அளவு பத்தாது மைனி" என்றேன். "இன்னொரு துண்டு வெட்டுங்க."

மறுநாள் காலையிலிருந்து தெரு தொண்ணூற்றாறில் ஓடியது.

ரொட்ரிகோ அண்ணனை இதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. ஒரு காலை அவர் கமிட்டி ஆட்களோடு வந்து ஜன்னலுக்கு உள்ளே நின்றார். நான் கடிகாரத்தை அவர் கையில் கொடுத்து, காகிதத்துக்கு நேரே அவர் விரலையே வைத்தேன். "நீங்களே எண்ணுங்க." அவர் உதடு அசைய எண்ணினார். வெளியே ரோட்டில் போன லாரி கொசு மாதிரி ரீங்கரித்தது, எல்லோருக்கும் கேட்டது. எண்ணிக்கொண்டே அவர் கண் காகிதத்திலிருந்து நகர்ந்து, நாற்காலியில் இருந்த தஸ்நேவிஸின் கழுத்துக்குப் போய், அந்தக் குறைந்த துணியில் நின்று, மறுபடி காகிதத்துக்கு வந்தது.

"நூத்தறுபது" என்றார்.

"சரியா எண்ணுனீயளாண்ணே? அந்த லாரிச் சத்தம்..." என்று ஒருவன் ஆரம்பித்தான்.

"உனக்குக் காதுல சலம்லே. நான்தான் எண்ணிட்டேன்ல, நூத்தறுபது." கடிகாரத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தபோது தணிந்த குரலில், "பிப்ரவரி ஒம்பது கல்யாணம், வே" என்றார். அவ்வளவுதான்.

அதன் பிறகு வாரம் ஒருவர் யாராவது வந்து எண்ணினார்கள். எண்ணியவர்கள் எல்லோரும் நூற்றறுபது என்று சொன்னார்கள், சொல்லிவிட்டு மைனியிடம் ஒரு தூக்கில் கஞ்சியோ, இரண்டு நாட்டுமுட்டையோ கொடுத்துவிட்டுப் போனார்கள். சூரியன் தெருவுக்கு மேலே பஸ் பிடிக்கிறவன் மாதிரி ஓடியது. பகலில் எனக்கு ஐந்து மணிநேரத்துக்கும் குறைவான தூக்கம்தான். நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டேன், சோறு பிசைந்துகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டேன். மூடிய இமைக்குள்ளும் மூன்று குண்டுகள் சுற்றின.

பிப்ரவரி ஆறாம் தேதி மைனி மாடிக்கு வந்தாள். கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு இடத்துக்குக் காத்திருக்கிறதாம், ஜோவாக்கிம் வீடு வந்துசேரப் பத்தொன்பது ஆகுமாம். தஸ்நேவிஸ் நேற்றிலிருந்து கஞ்சியும் இறங்காமல் இருக்கிறார், டாக்டர் நாலு நாள் என்கிறார். "இன்னும் கொஞ்சம் இறக்க முடியாதா?"

மூன்றாவது மடிப்பை வைத்தது நான்தான், துணி தடித்துப்போய் மூடி பொருந்தாததால் பெட்டியைத் திறந்தபடியே விட்டேன். ஸ்பிரிங்குக்கு அவ்வளவு இழுவை கிடையாது என்று என் கைக்குத் தெரியும், தூக்கமில்லாத தலைக்குத் தெரியவில்லை. சாவியை முழுக்கக் கொடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

மறுநாள் காலை வழக்கத்துக்கு அரைமணி பிந்தி ஆறரைக்குத் திரும்பி வந்தபோது, குழாய்க்கு வெளியே இருபத்தேழு பேர் நின்றார்கள். ராத்திரி வேலை முடிந்தவர்கள், கடலுக்குப் போய் வந்தவர்கள், ஏலத்துக்குப் போன மீன்காரிகள் நாலு பேர், கல்யாணத்துக்குச் சீலா மீன் பேசிவிட்டு வந்த ரொட்ரிகோ அண்ணன். குழாயின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் எலுமிச்சை விதை அளவில் தொங்கிக்கொண்டிருந்தது, விழவில்லை. அதற்கு அந்தப் பக்கம் தெரு நின்றிருந்தது. இடுப்பில் குடத்தோடு ஒருத்தி ஒரு காலைத் தூக்கியபடி. கொட்டாவியில் திறந்த வாயோடு நாய். மூன்றாம் வீட்டு வாசலில் ஜெசிந்தா, பாதி சீவிய முடியில் சீப்பு. திறந்த ஜன்னலில் மைனி குனிந்திருக்க, தஸ்நேவிஸின் வலதுகை நாற்காலிக் கையிலிருந்து பாதி உயர்ந்து அந்தரத்தில். உருளை நின்றிருந்தது, ஊசி மெழுகின் மேலேயே இருந்தது. 'கரை தெரியுது' என்ற அடியில், 'கரை தெரி' வரை பாட்டனார் பாடியதைக் கேட்டதாக முதலில் வந்தவர்கள் சொன்னார்கள்.

உள்ளே ஓடிய சுடலைமுத்துவின் சைக்கிள் முன்சக்கரத்தோடு நின்றுபோய், பின்னாலிருந்தவர்கள் கேரியரைப் பிடித்து இழுத்து அவரை மீட்டிருந்தார்கள். "கால் வச்சதுதான் தெரியும்" என்றார் அவர். ஒரு கல்லை எறிந்து பார்த்தோம், அது குழாய்க்கு அப்பால் காற்றில் நின்றது. ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு கயிற்றை வீசினோம், அது போனது, இழுத்தால் வந்தது. ஒரு முனை வெளியில் ஒருவர் கையில் இருக்கும்வரை எதுவும் வெளியைச் சேர்ந்ததுதான் என்று தெரிந்தது.

"அப்ப எம் பொண்டாட்டிய கயிறு போட்டு இழுக்கவா?" என்று ஒருவன் கேட்டான்.

"இழுத்துப் பாரு, மாட்டுக்குப் போடுத கயிறாடான்னு வந்து கேப்பா" என்றாள் ஒரு மீன்காரி.

நான் தோணி தள்ளும் நீளக் கழி ஒன்றை வாங்கி வந்து, நுனியில் தூண்டில் முள்ளைக் கட்டினேன். ரோட்டில் நின்றே ஜன்னல் வழியாக நீட்டினால் கவர்னரைத் தொடலாம். துணியைக் கொத்தி எடுத்துவிட்டால் ஸ்பிரிங்கில் இன்னும் முறுக்கு இருக்கிறது, ஓடிவிடும். கழி ஜன்னலுக்குள் போனது. முள் துணிக்கு ஒரு விரற்கடையில் நின்றது. என் கை நின்றது.

"என்னவே?" என்றார் ரொட்ரிகோ.

"எடுத்தா நூத்தறுபதுல ஓடும். நாலு நாள்ல அண்ணன் போயிருவாரு. பையன் வர இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு." கழியை அசைக்காமல் பிடித்துக்கொண்டேன். "எடுக்காம விட்டா அவருக்கு இந்தப் பன்னெண்டு நாளும் செலவே இல்ல."

உத்தரியம் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எண்ணிப் பார்த்தவர்கள்தானே எல்லோரும்.

கூட்டம் இரண்டாகப் பிரிந்து சத்தம் போட்டது. என் பிள்ளை அங்கே பல் விளக்காமல் நிற்கிறது என்றான் ஒருவன். அடுப்பில் பால் இருக்கிறது என்றான் இன்னொருவன், பொங்காதில்லா என்றார்கள். கடைசியில் எல்லோரும் ரொட்ரிகோவைப் பார்த்தார்கள், ஏனென்றால் நாளை மறுநாள் கல்யாணம், பெண் அந்தச் சீப்போடு நிற்கிறாள், சாம்பல் புதன் வந்துவிட்டால் பிறகு தவசு காலம், ஈஸ்டர்வரை எந்தக் கோயிலிலும் தாலி ஏறாது, மாப்பிள்ளை வீட்டார் அதுவரை பொறுக்கும் ஜாதியும் இல்லை.

அவர் குழாயடிக் கல்லில் உட்கார்ந்து அந்தச் சொட்டையே வெகுநேரம் பார்த்தார்.

"எம்பத்தேழுல கொழும்புலேருந்து வாறோம்" என்றார், யாரிடமும் இல்லாமல். "காத்து செத்துப்போச்சு. பதினோரு நாள். நான் தண்ணிப் பீப்பாயப் பாத்துட்டு அழுதேன். இவன்தான் சுக்கான். இவன் பங்குத் தண்ணிய எனக்கு ஊத்திட்டு, அழாதலே, காத்து இல்லன்னா தோணி நிக்கும், நின்னா யாரு மேல கோவப்படுவன்னான்." எழுந்து வேட்டியைத் தட்டினார். "கழிய எடும்வே பெர்க்மான்ஸ். நான் போயி மாப்பிள்ள வீட்டுக் காலுல விழுறேன்."

பன்னிரண்டு நாள் நாங்கள் உப்பு மூட்டை அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் தங்கினோம். பக்கத்துத் தெருக்காரர்கள் முறைவைத்துச் சோறு கொண்டுவந்தார்கள். தபால்காரர் கடிதங்களை நூலில் கோத்துக் குழாயில் தொங்கவிட்டார். ஆண்கள் தினமும் தவறாமல் முகச்சவரம் செய்துகொண்டார்கள். உள்ளே இருப்பவளுக்குக் கண் இமைக்கும் நேரம்தான், இமை திறக்கும்போது எதிரே தாடியோடு நின்றால் பயந்துவிடமாட்டாளா? சாயங்காலம் எல்லோரும் குழாயடிக்கு வந்து, கடலைப் பார்க்கிற மாதிரி நின்று தங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். என்றும் இல்லாமல் நான் எட்டு மணிநேரம் தூங்கினேன், உப்பு மூட்டைகளின் மேல், கனவில்லாமல். விழிக்கும்போதெல்லாம் எதையோ திருடிவிட்டவன்போல் இருந்தது.

சாம்பல் புதனுக்கு மறுநாள் ஜோவாக்கிம் ஆட்டோவில் வந்து இறங்கினான். கப்பல் வெயிலில் கறுத்து, நெற்றி ஏறிப்போயிருந்தான். கையில் பெட்டியோடு குழாயடியில் நின்று, ஜன்னலில் அப்பாவின் அந்தரத்துக் கையைப் பார்த்தான். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நெற்றியில் நேற்றைய சாம்பலின் கறை போகாமல் நின்ற ரொட்ரிகோ அண்ணன் கழியை எடுத்து அவன் கையில் வைத்தார். பதினெட்டடிக் கழியின் கனத்தில் நுனி ஜன்னலில் தாளம் போட்டது. பின்னாலிருந்து ஒருவர் கழியைத் தாங்கினார், அவருக்குப் பின் இன்னொருவர். யாரோ மெல்ல அம்பாவைத் தொடங்க, எல்லோருமாக முணுமுணுத்தார்கள், நூற்றறுபதுக்கு உரிய அந்தப் பழைய வேகத்தில், ஏனென்றால் வெளியில் நின்று பாடுகிறவர்களுக்கு அது மறக்கவில்லை. கழி நிதானித்தது. முள் துணியைக் கொத்தியது. அவன் இழுத்தான்.

'யுது' என்று முடித்தார் பாட்டனார்.

சொட்டு விழுந்தது. குடத்துக்காரியின் கால் தரையைத் தொட்டது, நாய் வாயை மூடியது, ஜெசிந்தாவின் சீப்பு நுனிமுடிவரை இறங்கியது. பாடிக்கொண்டிருந்தவர்களின் வேகமும் பெட்டியின் வேகமும் ஒன்றோடொன்று பொருந்திப் போய்க்கொண்டிருக்க, தஸ்நேவிஸின் கை மீதித் தூரத்தையும் உயர்ந்து, கண்ணுக்கு மேல் வெயில் மறைக்கும் சுக்கான்காரனின் கையாக நின்றது. ஜன்னலுக்கு வெளியே நின்ற மகனைப் பார்த்தார்.

"என்னல," என்றார், "அதுக்குள்ள வந்துட்ட?"

நாலு நாள் என்றார் டாக்டர். பதினோரு நாள் இருந்தார். ஒவ்வொரு நாளும் முழு நாளாக, சரியான வேகத்தில், மகன் கையால் கஞ்சி குடித்து. ஜெசிந்தாவின் மாப்பிள்ளை வீட்டார் முறுக்கிக்கொண்டு போனவர்கள்தான். ஈஸ்டருக்குப் பிறகு வேறொரு வீட்டிலிருந்து, உப்பளத்தில் கணக்கெழுதும் பையன் ஒருவன் வந்து கேட்டான். அந்தப் பதினோராம் மாதக்காரிக்கு நவம்பர் முடியுமுன்பே பெண்குழந்தை பிறந்திருந்தது.

அடக்கம் முடிந்த எட்டாம் நாள் மைனி என் மாடிக்கு வந்தாள். அவருடைய கழுத்தோடு போன உத்தரியத்தில் வெட்டுப்பட்ட பக்கம் வெட்டுப்பட்டபடியே போய்விட்டது. மூன்று மடிப்புத் துணியையும் ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

"இது உன்கிட்ட இருக்கட்டும் தம்பி. இந்தத் தெருவுல இன்னும் முப்பது வீடு இருக்கு. எல்லா வீட்டுலயும் யாராவது ஒருத்தர் கடல்லதான இருக்காவ."

இப்போது தெரு நூற்றறுபதில் ஓடுகிறது. ஷிப்ட் முடிந்து வரும்போது தினமும் வெளியே நின்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். மணி மணியாகவே அடிக்கிறது, எட்டு மணிநேரம் எட்டு மணிநேரமாகவே இருக்கிறது. தீப்பெட்டியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்கிறேன். மாடிப்படியில் யாருடைய காலடியாவது கேட்கிறது. கேட்டதும் எழுந்து உட்கார்ந்து, எந்த வீடு, எத்தனை நாள் என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறேன்.